ரசிகர் கதை: சில ஏன் கட்டிப்போடுகின்றன, சில ஏன் இரண்டு பத்தியைத் தாண்டுவதில்லை

ஒரு நாவலைப் படித்து முடித்து மூடி வைக்கிறீர்கள். மனசு மட்டும் மூட மாட்டேன் என்கிறது. அந்த அண்ணனும் தம்பியும் சண்டை போட்டுப் பிரிந்தார்களே, அதற்கப்புறம் ஒரு தடவையாவது பேசிக்கொண்டார்களா? கடைசி அத்தியாயத்தில் கிளம்பிப் போன அந்தப் பெண் எங்கே போய்ச் சேர்ந்தாள்? எழுதியவர் சொல்லவில்லை. நீங்களே மனசுக்குள் ஒரு காட்சியை ஓட்டிப் பார்க்கிறீர்கள். அதை எழுதி வைத்தால் அதுதான் ரசிகர் கதை. ஃபேன் ஃபிக்ஷன் என்பார்கள். சுருக்கமாக ஃபேன்ஃபிக், இன்னும் சுருக்கமாக ஃபிக்.

வேறொருவர் படைத்த ஆட்களையும் அவர்களுடைய உலகத்தையும் எடுத்துக்கொண்டு, அந்தப் படைப்பை நேசிக்கும் ஒருவர், அதே நேசமுள்ள மற்றவர்களுக்காக எழுதுவது இது. பெரும்பாலும் காசு எதிர்பார்த்து எழுதுவதில்லை. மூலம் நாவலாக இருக்கலாம். தொலைக்காட்சித் தொடர், திரைப்படம், அனிமே, வீடியோ கேம் எதுவாகவும் இருக்கலாம். சரியாக நூறே சொற்களில் முடியும் கதைகள் உண்டு, அவற்றுக்கு டிராபிள் என்று பெயர். மூல நாவலையே விழுங்கிவிடும் நீளத்துக்குப் போகும் தொடர்களும் உண்டு.

உள்ளே நுழைந்ததும் சில சொற்கள் காதில் விழும். மூலப் படைப்பில் உள்ளது கேனான். மூலத்தில் ஒருவர் இருக்கும் விதத்துக்கு ஒட்டாமல் நடந்துகொண்டால் அது ஓஓசி. அதே ஆட்களை வேறொரு உலகத்தில் கொண்டுபோய் வைத்து எழுதினால் ஏயூ. இரண்டு பேரை ஜோடியாகப் பார்த்து ஆசைப்படுவது ஷிப் செய்வது. வெளியிடும் முன் படித்துப் பார்த்துக் குறை சொல்லித் தருபவர் பீட்டா. இப்போதைக்கு இவ்வளவு போதும், மற்றதெல்லாம் போகப் போகப் பழகிவிடும்.

இன்று நாம் பார்க்கும் வடிவத்துக்கு வித்திட்டவர்கள் ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க விண்வெளித் தொலைக்காட்சித் தொடரின் ரசிகர்கள். 1967இல் அந்தத் தொடருக்கென்றே 'ஸ்பாக்கனேலியா' என்ற ரசிகர் இதழ் வந்தது. அது மாதிரியான இதழ்கள் கைக்குக் கை மாறியும் தபாலிலும் போய்ச் சேர்ந்தன. இணையம் வந்ததும் எல்லாம் மாறிவிட்டது. ஃபேன்ஃபிக்ஷன்.நெட் 1998இல் தொடங்கியது. ரசிகர்களே நடத்தும் ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் தளம் 2009இல் திறந்தது. பத்து வருடம் கழித்து, 2019இல், அறிவியல் புனைகதை உலகின் பெரிய விருதான ஹ்யூகோ விருதும் அதற்குக் கிடைத்தது.

யார் வேண்டுமானாலும் எழுதலாம், தடுக்க ஆளில்லை என்ற இடத்தில் நிறையக் கதைகள் படிக்க முடியாமல்தான் இருக்கும். நான் பல வருடமாகப் படிக்கிறேன். பத்துக் கதையைத் திறந்தால் ஏழெட்டை மூடிவிடுகிறேன். மிச்சமிருக்கும் ஒன்றிரண்டுக்காகத்தான் மறுபடி மறுபடி வருகிறேன். ஏனென்றால் நல்ல ரசிகர் கதை ஒன்று தரும் சுகத்தை வேறெதுவும் தருவதில்லை. அந்த ஒன்றிரண்டில் என்ன இருக்கிறது, மற்றதில் என்ன இல்லை என்பதைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

கலங்கரை விளக்கமும் ஒரு வரியும்

உதாரணத்துக்கு நானே ஒரு நாவலைக் கற்பனை செய்துகொள்கிறேன். ஒரு கலங்கரை விளக்கம். அதைப் பார்த்துக்கொள்பவர் வேலன். அதிகம் பேச மாட்டார். கோபமோ துக்கமோ வந்தால் ஒரு துணியை எடுத்து விளக்கின் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். மகள் நிலா நேர் எதிர், வாய் ஓயாது. வேலனின் தம்பி கதிர் பத்து வருடத்துக்கு முன் படகில் போனவன், திரும்பவே இல்லை. நாவலின் நடுவில், போகிற போக்கில் ஒரு வரி வருகிறது: கதிர் போன இரவு விளக்கு தாமதமாக ஏற்றப்பட்டது. அவ்வளவுதான். ஏன் தாமதம் என்று கடைசிவரை சொல்லப்படுவதில்லை.

இந்த மாதிரி ஒரு வரி போதும், ரசிகருக்குக் கை பரபரக்கும். இரண்டு பேர் எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலாமவர் எழுதியது:

"நிலா, உன்னிடம் ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். பத்து ஆண்டுகளாக இந்தப் பாரத்தை என் நெஞ்சில் சுமந்துகொண்டிருக்கிறேன். உன் சித்தப்பா போன இரவு நான் தூங்கிவிட்டேன். அந்தக் குற்ற உணர்ச்சி என்னை அணு அணுவாகக் கொல்கிறது" என்று வேலன் கண்ணீர் மல்கக் கூறினார். நிலா அவரைக் கட்டி அணைத்துக்கொண்டாள். "கவலைப்படாதீர்கள் அப்பா, இது உங்கள் தவறல்ல" என்றாள்.

இரண்டாமவர் எழுதியது:

வேலன் ஏற்கெனவே துடைத்த கண்ணாடியை மறுபடியும் துடைத்தார்.

"அப்பா, அது பளபளன்னுதான் இருக்கு, இங்க வந்து உட்காருங்க. இன்னைக்கு என்ன தேதின்னு ஞாபகம் இருக்கா? எனக்கு இருக்கு. உங்களுக்கும் இருக்கும், ஆனா சொல்ல மாட்டீங்க. சித்தப்பா போய் இன்னையோட..."

"திரி எங்கே?"

"உங்க கைக்குப் பக்கத்துலதான். இன்னும் வெளிச்சம் இருக்கே, இப்பவே எதுக்கு?"

அவர் பதில் சொல்லவில்லை. பொழுது சாய அரை மணி நேரம் இருக்கும்போதே விளக்கை ஏற்றினார்.

முதல் துண்டில் நாவலுக்கு முரணான தகவல் ஒன்றுகூட இல்லை. பெயர்கள் சரி, உறவு சரி, பத்து வருடக் கணக்கும் சரி. ஆனால் வேலன் அங்கே இல்லை. வாயே திறக்காத மனுஷன் மேடைப் பேச்சு மாதிரி பேசுகிறார். வாய் ஓயாத நிலா ஒரே ஒரு வரி சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறாள். வேலன் என்ற பெயரை அழித்துவிட்டு வேறு எந்தப் பெயரைப் போட்டாலும் அந்தப் பத்திக்கு எந்த நஷ்டமும் இல்லை.

இரண்டாவதில் அந்த இரவு என்ன நடந்தது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் நாவலைப் படித்தவருக்கு நெஞ்சில் சட்டென்று ஒன்று இறங்கும். இந்த ஆள் இன்றைக்கு மட்டுமா சீக்கிரம் ஏற்றுகிறார், இல்லை, பத்து வருடமாகவே இப்படித்தானா? உடனே மூல நாவலை எடுத்து அவர் விளக்கேற்றும் இடங்களையெல்லாம் திரும்பப் புரட்டத் தோன்றும். ஒரு ரசிகர் கதை நம்மை மூலத்துக்கே திருப்பி அனுப்பி, அங்கே இதுவரை கண்ணில் படாத ஒன்றைக் காட்டிவிட்டால், அதற்கு மேல் அதனிடம் கேட்க ஒன்றுமில்லை.

பெயரை மாற்றிப் பார்ப்பது என்ற இந்தச் சோதனையைத்தான் நான் எல்லாவற்றுக்கும் வைத்துக்கொள்கிறேன். பெயர்களை மாற்றினால் கதை குலைந்துபோக வேண்டும். குலையவில்லை என்றால் அதை எழுதியவருக்கு இந்த ஆட்கள் தேவைப்படவே இல்லை என்று அர்த்தம். அது நல்ல கதையாகக்கூட இருக்கலாம், ஆனால் ரசிகர் கதையைத் தேடி வந்தவருக்கு வேண்டியது அதில் கிடைக்காது.

"அவர் அப்படிச் சொல்ல மாட்டார்!"

ரசிகர் கதையைப் பற்றி அதிகம் கேட்கும் புகார் இதுதான். நானூறு வருடப் பழமையான புகார் என்றும் சொல்லலாம். 1605இல் ஸ்பானிய எழுத்தாளர் செர்வான்டெஸின் 'டான் குவிக்ஸாட்' நாவல் வெளிவந்து பெரிய வரவேற்பைப் பெற்றது. அவர் இரண்டாம் பாகத்தை முடிப்பதற்குள், 1614இல், யாரோ ஒருவர் புனைபெயரில் தானே ஒரு தொடர்ச்சியை எழுதி வெளியிட்டுவிட்டார். அடுத்த வருடம் செர்வான்டெஸின் சொந்த இரண்டாம் பாகம் வந்தது. அதில் ஒரு சத்திரத்துக் காட்சி. பக்கத்து அறையில் இரண்டு பேர் அந்தப் போலித் தொடர்ச்சியைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பது டான் குவிக்ஸாட்டின் காதில் விழுகிறது. துல்சினேயாவின் மேல் அவருக்கு இருந்த காதல் போய்விட்டதாக அதில் எழுதியிருக்கிறதாம். வந்ததே கோபம்! அவருடைய உதவியாளர் சாஞ்சோவுக்கும் ஒரு குறை: தன்னைப் பெருந்தீனிக்காரனாகவும் குடிகாரனாகவும் காட்டியிருக்கிறார்கள் என்று.

அந்தப் போலி நூல் அன்பினால் எழுதப்பட்டதல்ல, அதனால் அதை ரசிகர் கதையோடு சேர்க்க மாட்டேன். ஆனால் கதாபாத்திரமே எழுந்து நின்று "நான் அப்படிப்பட்டவன் இல்லை" என்று சொல்லும் அந்த இடம் எனக்கு மிகவும் பிடித்தமானது. ஒட்டாத ஃபிக் ஒன்றைப் படிக்கும்போது வாசகர் மனசுக்குள்ளும் அந்தக் குரல்தான் கேட்கிறது.

இதற்காகக் கதாபாத்திரம் மாறவே கூடாது என்று அர்த்தமில்லை. வேலன் ஒருநாள் வாய்விட்டு அழலாம். ஆனால் அந்த இடத்துக்கு அவர் எப்படி வந்து சேர்ந்தார் என்பதைப் படிப்படியாகக் காட்ட வேண்டும். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ஒருநாள் அது கையிலேயே உடைந்துபோனால்? துடைக்க ஒன்றுமில்லாமல் நிற்கும்போது அவர் என்ன செய்வார்? அங்கிருந்து தொடங்கினால் அவர் அழுவதை நான் நம்புவேன், கூடவே அழவும் செய்வேன். மாற்றம் எவ்வளவு பெரிதோ, அவ்வளவு தூரம் நம்மை நடத்திக் கூட்டிப்போக வேண்டும். நடுவில் பாலம் இல்லாமல் தாண்டினால் விழுவது கதைதான்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு வேலை இருக்கிறது. அதைச் சரியாகச் செய்பவர்கள் குறைவு. ஆங்கிலப் படைப்பின் ஆட்களைத் தமிழில் பேச வைக்கும்போது யார் யாரை 'நீ' என்பார், யாரை 'நீங்க' என்பார் என்று முடிவு செய்தாக வேண்டும். ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே சொல். தமிழில் அது தப்பிக்கவே முடியாத கேள்வி. ஒரு துப்பறிவாளரும் அவருடைய நண்பரும் முதல்நாள் 'நீங்க' என்றுதான் பேசிக்கொள்வார்கள். எப்போது 'நீ'க்கு மாறினார்கள்? ஆபத்தான ஒரு நொடியில், "நீ போ, நான் பார்த்துக்கிறேன்" என்று ஒருவர் வாய் தவறிச் சொல்லிவிட்டால், அடுத்த அத்தியாயத்தில் அவர் மறுபடி 'நீங்க'வுக்குத் திரும்புவாரா, மாட்டாரா? இந்த ஒரு மாற்றத்தை வைத்தே ஒரு முழுக் கதை எழுதலாம். மூல மொழியில் எழுதுபவருக்குக் கிடைக்காத கருவி இது. பல பேர் இதைக் கவனிக்காமல், ஒரே உரையாடலில் மேலே 'நீ', கீழே 'நீங்கள்' என்று விட்டுவிடும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

பேச்சு நடையும் இப்படித்தான். விவரணை எழுத்துத் தமிழில் இருக்கட்டும், உரையாடலில் ஆள் பேசட்டும். இன்னொரு தொந்தரவு, ஆங்கில ஃபிக்குகளை நிறையப் படித்துவிட்டு எழுதும்போது வந்து ஒட்டிக்கொள்ளும் சைகைகள். "கண்களை உருட்டினாள்", "தான் பிடித்து வைத்திருந்ததையே அறியாத மூச்சை வெளியே விட்டாள்" என்று வரிகள் வரும். நம்மில் யாருக்காவது எரிச்சல் வந்தால் கண்ணை உருட்டுவோமா? முகத்தைத் திருப்பிக்கொள்வோம், "ம்ஹும்" என்போம், உச்சுக் கொட்டுவோம். அந்த ஆள் தமிழில் வாழ்ந்தால் எரிச்சலை எப்படிக் காட்டுவார் என்று ஒரு நிமிடம் யோசித்தால் போதும்.

மேரி சூ

1973இல் பாலா ஸ்மித் என்ற ஸ்டார் ட்ரெக் ரசிகை, தான் படித்த ரசிகர் கதைகளில் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி நாயகியைப் பார்த்துவிட்டு, 'மெனாஜரி' என்ற ரசிகர் இதழில் மிகச் சிறிய நையாண்டிக் கதை ஒன்றை வெளியிட்டார். அதன் நாயகி லெப்டினன்ட் மேரி சூ. வயது பதினைந்தரை. படையிலேயே இளைய லெப்டினன்ட். கேப்டன் பார்த்தவுடன் காதலைச் சொல்கிறார். அதிகாரிகள் நோயில் விழும்போது இவளே கப்பலை நடத்துகிறாள், விருதுகளைக் குவிக்கிறாள். கடைசியில் இவள் சாக, சுற்றி நின்று எல்லாரும் கதறுகிறார்கள். அன்றிலிருந்து இந்த வகை நாயகிக்கு அதுவே பெயராகிவிட்டது.

இந்தப் பெயரைச் சுற்றி நடந்த அநியாயத்தையும் சொல்ல வேண்டும். கொஞ்சம் திறமையான பெண் கதாபாத்திரம் வந்தாலே மேரி சூ என்று முத்திரை குத்துவது வழக்கமாகிவிட்டது. பதினான்கு வயதுப் பிள்ளை ஒன்று, தான் நேசிக்கும் உலகத்துக்குள் தன்னையே ஒரு ஆளாக அனுப்பிப் பார்ப்பதில் என்ன தப்பு? எழுத்து பல பேருக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது. அவர்களைக் கேலி செய்து எழுதாமல் செய்துவிட்டவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு.

ஆனாலும் அந்தக் கதைகள் ஏன் படிக்க முடியாமல் போகின்றன என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. புதிய நாயகி திறமைசாலியாக இருப்பதால் வரும் கெடுதல் இல்லை அது. அவளுக்காக மற்ற எல்லாரும் தங்களை இழந்துவிடுகிறார்கள். கறாரான கேப்டன் குழைகிறார். புத்திசாலி முட்டாளாகிறார், இவள் பதில் சொல்ல வேண்டும் என்பதற்காக. ஆக, இதுவும் அந்தப் பழைய நோய்தான்: ஒரே நேரத்தில் எல்லாருமே ஓஓசி. நம் கலங்கரை விளக்கத்துக்கு ஒரு புதுப் பெண் வரட்டும், அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கட்டும். வேலன் அவளிடமும் பேசாமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தால் அவள் என்ன செய்வாள் என்பதில்தான் எனக்கு ஆர்வம் வரும்.

பாஷிங் என்று சொல்வதும் இதற்கு நெருங்கிய சொந்தம். தனக்குப் பிடித்த இரண்டு பேரைச் சேர்த்து வைக்க வேண்டும், நடுவில் மூன்றாவது ஆள் இருக்கிறார். உடனே அவரைக் கொடூரமானவராகவும் துரோகியாகவும் மாற்றிவிடுவார்கள். மூலத்தில் அவர் பாவம், நல்ல மனுஷன். அவர் நல்லவராகவே இருந்தும் இந்தக் காதல் சரிப்பட்டு வரவில்லை என்று எழுதுவது எவ்வளவு கஷ்டம், எவ்வளவு அழகு!

இடைவெளியும் கேள்வியும்

சரி, நல்லதற்கு வருவோம். மூலத்தில் எங்கே கை வைப்பது என்று தெரிந்தவர்கள்தான் நல்ல ஃபிக் எழுதுகிறார்கள். பெரும்பாலும் அது ஒரு இடைவெளியாக இருக்கும். இரண்டு காட்சிகளுக்கு நடுவில் சொல்லாமல் விட்ட ஒரு இரவு, பெயர் மட்டும் வந்துபோகும் ஒரு ஆள், வெற்றிவிழாவோடு முடிந்துவிட்ட போருக்கு மறுநாள் காலை.

நம் மொழியில் இதற்கு ஒரு பெரிய உதாரணம் உண்டு. கல்லாகிக் கிடந்த அகலிகையை ராமன் மீட்டான் என்பதோடு அந்தக் கதை முடிந்துவிடுகிறது. மீண்டு வந்தவள் அதற்கப்புறம் எப்படி வாழ்ந்தாள்? கோதமனும் அவளும் ஒருவர் முகத்தை ஒருவர் எப்படிப் பார்த்துக்கொண்டார்கள்? புதுமைப்பித்தன் 1943இல் எழுதிய 'சாப விமோசனம்' இந்தக் கேள்விகளைத்தான் கையில் எடுக்கிறது. தன்னை மீட்டவனே சீதையைத் தீயில் இறங்கி நிரூபிக்கச் சொன்னான் என்று கேள்விப்பட்டதும் அகலிகை என்ன ஆகிறாள் என்பது தெரியாதவர்கள் அந்தக் கதையையே படித்துவிடுங்கள். ராமாயணத்தில் தனித்தனியாகக் கிடந்த இரண்டு சம்பவங்களை அவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அவ்வளவுதான், இரண்டும் ஒன்றையொன்று கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டன. ராமாயணம் அறிந்தவர்களுக்கு இது பிடிக்காமல் போகலாம் என்ற பொருளில் கதைக்கு முன்னால் ஒரு குறிப்பும் போட்டிருப்பார். இன்றைய ஃபிக் எழுத்தாளர்கள் தலைப்புக்குக் கீழே போடும் குறிப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும். அவருடைய கதையை ரசிகர் கதை என்ற பெயரில் அடைக்க நான் வரவில்லை. மூலத்தை அவ்வளவு ஆழமாக அறிந்தவரால்தான் அப்படி ஒரு கேள்வியைக் கேட்க முடியும் என்பதைத்தான் சொல்கிறேன்.

ரசிகர் கதைக்கு இன்னொரு வசதி உண்டு. வாசகருக்கு ஆட்களை ஏற்கெனவே தெரியும், நேசமும் ஏற்கெனவே இருக்கிறது. அறிமுகப் பத்திகளே வேண்டாம். "கதிரின் சட்டை இன்னும் ஆணியில் தொங்கியது" என்று முதல் வரியிலேயே ஆரம்பிக்கலாம், நாவலைப் படித்தவருக்கு அந்த ஒரு வரியிலேயே கண் கலங்கும். இந்த வசதியைப் பயன்படுத்தத் தெரியாதவர்கள் வேலன் யார், நிலா யார், கலங்கரை விளக்கம் எங்கே இருக்கிறது என்று மூன்று பக்கம் ஒப்பிப்பார்கள். மூலத்தில் வந்த காட்சிகளை அப்படியே திரும்ப எழுதிக்கொண்டு போவார்கள். தெரிந்ததையே மறுபடி படிக்க எங்களுக்கு மூலமே இருக்கிறதே.

ஆனால் ஒரு விசித்திரம்: முடிவு தெரிந்திருப்பது எங்களுக்கு ஒரு குறையே இல்லை. இந்த இருவரும் கடைசியில் சேர்ந்துவிடுவார்கள் என்று கதையின் டேக்கிலேயே, அதாவது தலைப்போடு சேர்த்துப் போடும் குறிச்சொல்லிலேயே, போட்டிருக்கும். தெரிந்துதான் நாற்பது அத்தியாயம் படிக்கிறோம். படுக்கும்போது அதே கதையைத் தினமும் கேட்கும் குழந்தைக்கு அடுத்து என்ன என்பது மனப்பாடம். அது கேட்பது 'எப்படி' என்பதற்காக. மெதுவாகக் கனியும் காதலுக்கு ஸ்லோ பர்ன் என்று பெயர். அதில் பதினைந்தாம் அத்தியாயத்தில் கை லேசாகப் பட்டுவிட்டதற்கே வாசகர்கள் துள்ளிக் குதிப்பார்கள். அவ்வளவு தூரம் காக்க வைத்தவரின் திறமை அது. பதினைந்து அத்தியாயமும் வெறும் தள்ளிப்போடலாக இருந்தால், அதாவது ஒரு வார்த்தை பேசினால் தீர்ந்துவிடும் தவறான புரிதலை இழுத்துக்கொண்டே போனால், பொறுமை போய்விடும்.

ஏயூ வகையைப் பற்றி ஒரு வார்த்தை. உலகத்தையே மாற்றிவிட்டால் அப்புறம் என்ன மிச்சம் என்று புதிதாக வருபவர்கள் கேட்பார்கள். மிச்சமிருப்பதுதான் அந்த ஆளின் சாரம். வேலனைக் கொண்டுபோய் ஒரு விமான நிலையத்தின் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இரவுப் பணியில் உட்கார வையுங்கள். கடல் இல்லை, திரி இல்லை. ஆனால் பதற்றம் வந்தால் ஏற்கெனவே சுத்தமாக இருக்கும் திரையைச் சட்டைக் கையால் துடைக்கிறார். பார்த்த அந்த நொடியில் "அட, நம்ம வேலன்" என்று அடையாளம் கண்டுகொள்வோம். பெயரை மாற்றும் சோதனையின் மறுபக்கம் இது: பெயரைத் தவிர எல்லாவற்றையும் மாற்றியும் ஆள் அப்படியே நிற்கிறார்.

கண்ணுக்கு வரும் தொந்தரவுகள்

மேலோட்டமான குறைகளைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். ஒற்றுப் பிழையை நான் மன்னித்துவிடுவேன். ஆனால் ஃபோன் திரையில் நான்கு தடவை தள்ளியும் முடியாத ஒரே பத்தி என்றால் கஷ்டம். ஒரே பத்திக்குள் இரண்டு பேர் பேசினால் யார் பேசுகிறார் என்று தேடிக்கொண்டிருக்க வேண்டும். ஒரே காட்சியில் இவர் மனசுக்குள்ளும் அவர் மனசுக்குள்ளும் மாறி மாறிக் குதிப்பதும் தலை சுற்ற வைக்கும். பெயரைத் திரும்பச் சொல்லக்கூடாது என்று நினைத்துக்கொண்டு "உயரமானவன் இளையவனைப் பார்த்தான்" என்று எழுதுவார்கள். தன் தம்பியை யாராவது மனசுக்குள் 'இளையவன்' என்று நினைப்பார்களா? கதிர் என்றே எழுதுங்கள், யாருக்கும் அலுக்காது. அப்புறம், சோகத்தின் உச்சியில் அடைப்புக்குறி போட்டு "இதை எழுதும்போது நானே அழுதுட்டேன்" என்று எழுத்தாளர் உள்ளே வந்துவிடுவது. வேண்டாம், நாங்கள் அங்கே வேலனோடு இருக்கிறோம்.

டேக்குகளும் வாசிப்பின் ஒரு பகுதிதான். முக்கியமான ஒருவர் சாகப்போகிறார், கொடூரமான வன்முறை இருக்கிறது என்றால் ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் தளத்தில் முன்கூட்டியே எச்சரிக்கை போடுவதற்கென்று தனி இடமே உண்டு. எச்சரிக்கை சொல்ல விருப்பமில்லை என்று போடவும் வழியுண்டு, அதுவும் வாசகருக்கு ஒரு தகவல்தான். இதமான கதை என்று சொல்லி உள்ளே கூட்டிப்போய் நெஞ்சில் குத்தினால் அந்த எழுத்தாளரின் அடுத்த கதையைத் திறக்கக் கை வராது. அழ வேண்டும் என்று நினைத்தே ஆங்ஸ்ட், அதாவது மனவேதனை, என்ற டேக்கைத் தேடிப் போகும் நாட்களும் உண்டு. என்ன கிடைக்கும் என்று தெரிந்து போவதில் ஒரு நிம்மதி.

புதிதாகப் படிக்க வருபவர்களுக்கு: மூலத்தை நன்றாகத் தெரிந்த ஒரு படைப்பிலிருந்து தொடங்குங்கள். நீளமான தொடருக்கு முன் ஒரே அத்தியாயத்தில் முடியும் ஒன்ஷாட் சிலவற்றைப் படியுங்கள். கதையைத் திறந்ததும் முதலில் உரையாடல் வரும் இடத்துக்குப் போய் நாலு வரி படித்துப் பாருங்கள். அந்த ஆட்களின் குரல் காதில் கேட்டால் மேலே போய் முதலிலிருந்து தொடங்கலாம். கேட்கவில்லை என்றால் மூடிவிடுவதில் தப்பில்லை.

எழுத ஆசை வந்தால், முதல் கதைக்கு ஒரு காட்சி போதும். எழுதி முடித்ததும் உரையாடலை மட்டும் தனியாக எடுத்து, பெயர்களை மறைத்துவிட்டு, அதே படைப்பைப் படித்த ஒரு நண்பருக்கு வாசித்துக் காட்டுங்கள். எது யார் சொன்னது என்று அவரால் சொல்ல முடிகிறதா பாருங்கள். முடியாத வரிகளை மட்டும் மூலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திரும்ப எழுதுங்கள். நான் இன்றும் இதைத்தான் செய்கிறேன். ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்று வரிகளாவது அகப்படும், பெரும்பாலும் நான் மிகவும் ரசித்து எழுதிய வரிகளாகவே இருக்கும்.

எதை எழுதுவது என்று தெரியவில்லையா? அந்தக் கலங்கரை விளக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேரும் வேலன் பக்கத்திலிருந்துதான் எழுதினார்கள். கதிர் படகில் இருக்கிறான். கரையைத் திரும்பிப் பார்க்கிறான், விளக்கு இன்னும் எரியவில்லை. அண்ணன் ஒருநாளும் தாமதிக்கிறவர் இல்லை என்று அவனுக்குத் தெரியும். படகைத் திருப்பலாமா என்று ஒரு நிமிடம் யோசிக்கிறான்.